கோடுகள் குறுக்கிடும் இடம்

ஜுபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு சங்கத்தார் கேட்டபோது யாது எழுதுவதென்று தயங்கினோம். வெற்றியினும் பிழையே இளைஞர்க்குப் பயன்படும் எனக் கருதி, யாம் இழைத்த பிழையொன்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக ஏறும் மலைப்பாதை ரிவர்ஸ்டனை அடைகின்றது. 2010 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற மத்திய மலைநாட்டில், நக்கிள்ஸ் தொடரைச் சேர்ந்த இடம் அது. பகலிலும் மூடுபனி கவியும்.

அப்பகுதியிற் கட்டப்பெற்ற சிறு விடுதியொன்றுக்குக் குழாய் அமைப்பு வரைபடம் தரும் பொறுப்பு எமக்குக் கிடைத்தது. ஊற்றுநீர் சமையலறைக்கும், ஓடைநீர் தோட்டத்திற்கும் கழிப்பறைக்கும் என வகுத்தோம். இரண்டும் ஒரே பருமனுடைய குழாய்கள். ஓரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடக்க வேண்டியவை. யாமோ விரைவு கருதிக் கணினியில் இரு கோடுகளை வெறுமனே குறுக்காக இழுத்து அனுப்பிவிட்டோம்.

சில மாதங்களின் பின் பெருமழை பெய்தது. சமையலறைக் குழாயில் மண்ணிற நீர் வருவதாகச் செய்தி கிடைத்ததும் விரைந்தோம். கடக்கும் இடத்தைத் தோண்டினால், நாற்புறமும் திறந்த இணைப்பொன்று இரு குழாய்களையும் சேர்த்திருந்தது. ஓடைநீர் உயர்ந்த இடத்திலிருந்து வந்தமையால் அதன் அழுத்தம் மிகுந்து, ஊற்றுநீர்க் குழாயினுட் புகுந்திருந்தது. குழாய் பொருத்தியவர் வரைபடத்தை விரித்து, "ஐயா, ரெண்டு கோடும் சேர்ந்துதானே கெடக்கு? அப்படியே செஞ்சேன்" என்றார். அவர்மீது குற்றம் யாதுமில்லை. விடுதிக் காவலாளியின் குழந்தைகளும் அந்நீரையே பருகினர் என அறிந்து தலைகுனிந்தோம். நல்வேளையாக எவருக்கும் தீங்கு நேரவில்லை.

எங்கும் அவ்வாறு நேர்வதில்லை. 1933 ஆம் ஆண்டில் சிக்காகோ நகரிலே உலகக் கண்காட்சி நடந்தபோது, விடுதிகள் இரண்டில் குழாய்க் குறைபாட்டினாற் கழிவுநீர் குடிநீருடன் கலந்து, அமீபாவால் உண்டாகும் சீதபேதி பரவி 98 பேர் மாண்டனர்.

அன்றிரவே படத்தைத் திருத்தினோம். றெவிற் போன்ற மென்பொருளில் குழாய்களை வெறுங் கோடுகளாக அன்றி, உயரத்துடன் கூடிய குழாய்களாகவே வரையலாம். அதன் பொறிமுறை அமைப்புகளில் மறைகோட்டுப் பகுதியைத் திறந்து, மறைகோடு காட்டுமாறு பணித்து, இடைவெளியின் அளவையும் குறித்தால், கீழே செல்லும் குழாயின் கோடு கடக்குமிடத்தில் அறுபட்டுத் தோன்றும். மேலே செல்வது முழுமையாகத் தோன்றும். ஆயினும் எது மேல், எது கீழ் என்பதைக் கணினி தானாக முடிவு செய்யாது. வரைபவர் உயரத்தைக் கொடுத்தல் வேண்டும். இரண்டையும் ஒரே உயரத்தில் வைப்பின் அவை கடப்பன அல்ல, மோதுவன. ஒவ்வொரு குழாயிலும் அது எந்நீர் என எழுதுதலும் இன்றியமையாதது.

இதனை யாம் புதிதாகக் கற்கவில்லை. கல்லூரியில் வரைதல் கற்பித்த ஆசிரியர், கோடுகள் கடக்கும் இடத்திற் பென்சிலைத் தூக்கி எடுக்குமாறு எத்தனையோ முறை கூறியதுண்டு. எழிலுக்காகக் கூறுகின்றார் என்றே அன்று எண்ணினோம். அச்சிறு இடைவெளியின் பொருளை ரிவர்ஸ்டன் மலையிலே, சேறு படிந்த கைகளுடன் நின்றபோதுதான் அறிந்தோம். இன்று கணினி முன் அமரும் எம் இளவல்கள் அதனை வகுப்பறையிலேயே அறிந்துகொள்வாராக.