ஒரு சிரிப்பு நிகழ்ச்சியின் இறப்புச் சான்றிதழ்


இன்னைக்கு சுகரும் கிடையாது, பிரஷரும் கிடையாது. கொஞ்சம் நீளமான இழை. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

அமெரிக்க டிவியில் இரவு 11.35க்கு ஒருத்தர் கோட் சூட் போட்டு வந்து நிற்பார். அன்றைய செய்திகளை வைத்து பத்து நிமிஷம் கிண்டல் அடிப்பார். அப்புறம் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து நடிகர், எழுத்தாளர், அரசியல்வாதி என்று யாரையாவது கூப்பிட்டுப் பேசுவார். ஓரமாக ஒரு இசைக்குழு இருக்கும். அவ்வளவுதான். லேட் நைட் ஷோ என்பது இதுதான்.

எனக்கு இது லேட் நைட்டே கிடையாது. நியூயார்க்கில் இரவு 11.35 என்றால், அவங்க ஊர் கோடைக் கணக்கில் நமக்குக் காலை 9.05. நைட் டூட்டி முடிந்து, வீட்டுக்கு வந்து குளித்து, இட்லியோடு உட்காரும் நேரம். கொஞ்ச நேரத்தில் முதல் பத்து நிமிஷப் பேச்சு யூடியூபில் வந்துவிடும். ராத்திரி முழுக்க கேஸ் பார்த்துவிட்டு வந்தவனுக்கு உடனே தூக்கம் வராது. உடம்பு படுத்துவிடும், மண்டை மட்டும் வார்டிலேயே சுத்திக்கிட்டு இருக்கும். அதை வீட்டுக்குக் கூட்டி வர எனக்கு இந்த ஆட்கள்தான் உதவினாங்க. மாத்திரை இல்லை, பக்கவிளைவும் இல்லை.

அதனால் 2025 ஜூலை 17 அன்று வந்த செய்தி எனக்கு வெறும் சினிமாப் பக்கச் செய்தியாக இல்லை.

ஸ்டீபன் கோல்பேர் நடத்தி வந்த 'தி லேட் ஷோ' 2026 மே மாதத்தோடு நிறுத்தப்படும் என்று சிபிஎஸ் அறிவித்தது. வேறொருத்தரைப் போட்டு நடத்தப் போவதில்லை, அந்தப் பெயருக்கே ஓய்வு என்றார்கள். 1993ல் டேவிட் லெட்டர்மேன் ஆரம்பித்த நிகழ்ச்சி. 2015ல் கோல்பேர் கைக்கு வந்தது. (பெயரின் கடைசியில் இருக்கும் 'டி'யை உச்சரிக்கக் கூடாது. நானும் ரொம்ப நாள் கோல்பர்ட் என்றுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.)

நிறுத்தக் காரணம்? முழுக்க முழுக்க நிதி சம்பந்தப்பட்ட முடிவு என்றது நிறுவனம்.

இங்கேதான் எனக்குள் இருக்கும் டாக்டருக்கு மூக்கு வேர்த்தது.

ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால் நாங்கள் படிவம் 4 நிரப்பணும். இறப்புக்கான காரணத்தை மருத்துவர் சான்றளிக்கும் படிவம். முதல் பகுதியில் உடனடிக் காரணம். அதற்குக் கீழே, அந்தக் காரணம் எதனால் வந்தது, அதுவும் எதனால் வந்தது என்று படிப்படியாக இறங்கணும். இரண்டாம் பகுதியில், நேரடிக் காரணமாக இல்லாவிட்டாலும் சாவுக்குத் துணை போன மற்ற கோளாறுகள். புதுசாக வரும் ஹவுஸ் சர்ஜன் தம்பி தங்கைகள் அதில் 'கார்டியாக் அரெஸ்ட்' என்று மட்டும் எழுதிக்கொண்டு வருவாங்க. எழுதக் கூடாது. இதயம் நிற்பது சாவு நடக்கும் விதம், சாவுக்குக் காரணம் இல்லை. எல்லோருக்கும்தானே இதயம் நிற்குது? எதனால் நின்றது, அதைச் சொல்லு.

'நிதி முடிவு' என்பது அந்த கார்டியாக் அரெஸ்ட் மாதிரி. பொய் இல்லை. ஆனால் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

சரி, நாமே நிரப்பிப் பார்ப்போம்.

நாள்பட்ட நோய் இருந்தது உண்மை. இந்த வகை நிகழ்ச்சிகளுக்கு வரும் விளம்பரப் பணம் 2018க்கும் 2024க்கும் இடையில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ராத்திரி சோபாவில் உட்கார்ந்து முழு ஒரு மணி நேரமும் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். போனில் துண்டு துண்டாகப் பார்க்கும் என்னைப் போன்றவர்களால் டிவிக்காரனுக்குக் கிடைப்பது சில்லறைதான். வருஷத்துக்கு 4 கோடி டாலர் அளவுக்கு நஷ்டம் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின.

ஆனால் நாள்பட்ட நோய்க்கு வைத்தியம் என்று ஒன்று உண்டே? இதே நோய் மற்றவர்களுக்கும் இருந்தது. 2024ல் ஜிம்மி ஃபாலனின் நிகழ்ச்சியை வாரத்தில் ஐந்து நாளிலிருந்து நான்காகக் குறைத்தார்கள். சேத் மேயர்ஸ் நிகழ்ச்சியில் இசைக்குழுவையே எடுத்துவிட்டார்கள். வலிக்கும், ஆனால் உயிர் இருக்கும். கோல்பேர் நிகழ்ச்சிக்கு அப்படி ஒரு டோஸ் குறைப்பு அறிவிப்பும் வரவில்லை. நேரே வென்டிலேட்டரை எடுக்கும் தேதியைத்தான் சொன்னார்கள். அதுவும் 11.35 மணி நிகழ்ச்சிகளில் பார்வையாளர் கணக்கில் முதலிடத்தில் இருந்த பேஷன்ட்டுக்கு.

இப்போ தேதிகளைப் பாருங்க. சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனமான பாராமவுண்ட், டிரம்ப் போட்ட வழக்கு ஒன்றை 1.6 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது ஜூலை முதல் வாரம். அதே நேரம், ஸ்கைடான்ஸ் நிறுவனத்தோடு இணைய அரசின் அனுமதிக்கு அது காத்திருந்தது. ஜூலை 14 அன்று கோல்பேர் தன் மேடையில் நின்று, அந்தப் பணத்தை லஞ்சம் என்றே கிண்டல் செய்தார். ஜூலை 17 நிறுத்த அறிவிப்பு. ஜூலை 24 இணைப்புக்கு அனுமதி.

நான் போலீஸும் இல்லை, ஜட்ஜும் இல்லை. ஆனால் இப்படி ஒரு கேஸ் காஷுவாலிட்டிக்கு வந்தால் பேசாமல் எம்.எல்.சி. போட்டுவிடுவேன். இயற்கை மரணம் என்று கையெழுத்துப் போட மாட்டேன்.

'போகட்டும் டாக்டர், ஒரு காமெடி ஷோதானே' என்று சிலர் கேட்பீங்க. எனக்குப் பிடித்தது காமெடி மட்டும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த இழையையே ஆரம்பித்தேன்.

லெட்டர்மேனுக்கு 2000 ஜனவரியில் அவசரமாக பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. ஐந்து இரத்தக்குழாய்கள். ஐந்து வாரம் கழித்து மேடைக்குத் திரும்பினார். அவர் நக்கல் பேர்வழி, யாரையும் லேசில் பாராட்டாத ஆள். அன்று தன்னைப் பார்த்துக்கொண்ட டாக்டர்களையும் நர்ஸ்களையும் மேடைக்கு வரவழைத்து நிற்க வைத்து, குரல் தழுதழுக்க நன்றி சொன்னார். டிஸ்சார்ஜ் ஆன பேஷன்ட் வாசல் வரை போய்விட்டு, திரும்பி வந்து சிஸ்டர் கையைப் பிடித்துக்கொள்ளும் காட்சியை எங்க ஆட்கள் எல்லோரும் எப்போதாவது பார்த்திருப்போம். அதை ஒரு நாடே பார்த்தது.

அடுத்தது ஜிம்மி கிம்மல். இவர் ஏபிசி சேனல்.

2017 ஏப்ரல் 21 அன்று அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்து சில மணி நேரத்தில் குழந்தை நீலம் பூத்திருப்பதையும், இதயத்தில் கூடுதல் சத்தம் கேட்பதையும் கவனித்தது ஒரு நர்ஸ். டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ, கூடவே நுரையீரலுக்குப் போகும் வால்வில் அடைப்பு. மூன்றாம் நாள் திறந்த இதய ஆபரேஷன். மே 1 அன்று கிம்மல் மேடைக்கு வந்து இதைப் பதிமூன்று நிமிஷம் பேசினார். அழுதுகொண்டே பேசினார். ஆனால் வாயைத் திறந்தவுடன் அவர் சொல்லிவிட்டது, இந்தக் கதை நல்லபடியாகத்தான் முடிகிறது என்பதை. அதற்குப் பிறகுதான் நடந்த கதையை ஆரம்பித்தார்.

அந்த வரிசையை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஐசியூ வாசலில் நிற்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ எனக்கு முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான். 'அம்மா நல்லா இருக்காங்கண்ணே.' அதற்கப்புறம்தான் ஈசிஜி, டிரோபோனின், ஸ்டென்ட் எல்லாம். முதல் வரிக்காகக் காத்திருப்பவர் காதில் நடுவில் சொல்வது எதுவும் ஏறாது. மருத்துவக் கல்லூரியில் எந்த வகுப்பிலும் சொல்லித் தராத பாடம், ஒரு காமெடியனிடமிருந்து வந்தது.

கிம்மல் அதோடு விடவில்லை. குழந்தையைக் காப்பாற்ற முடியும் என்றால், பெற்றவர்கள் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்பது பொருட்டாகக் கூடாது என்றார். அமெரிக்காவில் இன்சூரன்ஸ் சட்டத்தை மாற்றப் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். செனட்டர் பில் கேசிடி, அவரும் ஒரு டாக்டர், எந்தச் சட்டமும் 'ஜிம்மி கிம்மல் டெஸ்ட்' பாஸாக வேண்டும் என்று பேசினார். பிறகு கேசிடி கொண்டுவந்த மசோதாவே அந்த டெஸ்டில் ஃபெயில் என்று கிம்மல் கிழித்தது தனிக் கதை.

கிரெய்க் ஃபெர்குசன் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 2007 பிப்ரவரியில் எல்லா சேனலும் பிரிட்னி ஸ்பியர்ஸ் மொட்டை அடித்துக்கொண்டதைக் கேலி செய்துகொண்டிருந்தபோது, நான் செய்யப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, தன் குடிப்பழக்கத்தையும் தற்கொலை வரை போன கதையையும் பேசினார். குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் வீட்டில் இருந்தால் தேடிப் போட்டுக் காட்டுங்க. நடுநடுவே சிரிப்பும் வரும்.

கோல்பேர் கதையே ஒரு சோகம்தான். அப்பா டாக்டர், மருத்துவப் பல்கலைக்கழக நிர்வாகி. 1974 செப்டம்பரில் ஒரு விமான விபத்தில் அப்பாவும் இரண்டு அண்ணன்களும் போய்விட்டார்கள். அப்போது ஸ்டீபனுக்கு வயது 10. பதினொரு பிள்ளைகளில் கடைக்குட்டி. துக்கம் நடந்த வீட்டுக்காரர்களை உட்கார வைத்து அவர் பேசும்போது அவசரம் இருக்காது. அடுத்த ஜோக்குக்குத் தாவ மாட்டார். அது எங்கிருந்து வந்தது என்று தெரியும்போது இன்னும் கொஞ்சம் பிடித்துப்போகும்.

இந்த இடத்தில் கோனன் ஓ'பிரையனைச் சொல்லாவிட்டால் நண்பர்கள் சண்டைக்கு வருவாங்க. 2009ல் அவருக்குப் புகழ்பெற்ற 'டுநைட் ஷோ' கிடைத்தது. ஏழே மாதத்தில் பறித்து, பழைய ஆள் ஜே லெனோவிடமே திரும்பக் கொடுத்தார்கள். கடைசி நாளில் கோனன் ரசிகர்களிடம் கேட்டது, தயவுசெய்து கசந்துபோய்விடாதீர்கள் என்பதுதான். அவருடைய அப்பாவும் டாக்டர். தாமஸ் ஓ'பிரையன், தொற்றுநோய் நிபுணர். ஆன்டிபயாடிக் எதிர்ப்பைக் கண்காணிக்கும் 'ஹூநெட்' மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர். நம்மூர் மைக்ரோபயாலஜி லேப்களில் இன்னைக்கும் ஓடுதே, அதேதான்.

கோனன் இப்போ பாட்காஸ்டில் நன்றாகவே இருக்கிறார். 'அப்புறம் என்ன, கோல்பேரும் யூடியூபுக்கு வந்துடுவார்' என்கிறார்கள். வரலாம். ஆனால் பாட்காஸ்ட் எப்போதோ பதிவு செய்தது, எப்போதோ கேட்பது. லேட் நைட் அன்றன்றைக்குச் சமைத்த சோறு. காலையில் நடந்த கூத்துக்கு ராத்திரியே பதில் வரும். அதற்கு எழுத்தாளர்கள், பாண்ட், லைட்மேன் என்று சுமார் 200 பேர் தினமும் வேலைக்கு வரணும். அந்தச் சமையலறையைத்தான் மூடுவதாக அறிவித்தார்கள்.

செப்டம்பரில் கிம்மலுக்கும் கிட்டத்தட்ட அதே கதி. சார்லி கிர்க் கொலையை ஒட்டி அவர் பேசிய பேச்சுக்காக, ஒளிபரப்புத் துறையை மேற்பார்க்கும் எஃப்.சி.சி. தலைவர் வெளிப்படையாக எச்சரித்த அன்றே ஏபிசி நிகழ்ச்சியை நிறுத்தியது. மக்கள் கூச்சல் போட்டார்கள். டிஸ்னி சந்தாவை ரத்து செய்தார்கள். ஆறே நாளில் திரும்பி வந்தார். அன்று அவரைப் பார்த்தவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். ஆக, சிபிஆர் சில நேரம் வேலை செய்யும்.

அதே மாதம் கோல்பேர் நிகழ்ச்சிக்கு, சிறந்த டாக் ஷோ என்று எம்மி விருது கிடைத்தது. அவர் கையில் வந்த பிறகு இந்தப் பிரிவில் முதல் தடவை. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. முடிவுத் தேதியை மட்டும் யாரும் மாற்றவில்லை.

கிம்மலின் 2017 மே 1 பேச்சும் ஃபெர்குசனின் 2007 பேச்சும் யூடியூபில் இருக்கு. நைட் டூட்டி பார்க்கிற தம்பி தங்கைகள் முதலில் கிம்மலைப் பாருங்க. பக்கத்தில் கர்சீப் இருக்கட்டும்.