சூடு எங்கே போகுது?

ஓசூர்ல குளிரான்னு சென்னை மக்கள் சிரிக்கிறாங்க. சிரிங்க சாமி, சிரிங்க! கடல் மட்டத்துலேர்ந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்துல இருக்குற ஊர் இது. மார்கழியில விடிகாலை அஞ்சு மணிக்கு வந்து பாருங்க, அப்புறம் பேசலாம்.

குளிர் தேசங்கள்ல வீட்டுச் சூடு சுவர், ஜன்னல் வழியா வெளியே போகுதுன்னு கவலைப்படுறாங்க. நாம எங்கே வீட்டைச் சூடாக்குறோம்? குளிக்கிற தண்ணியை மட்டும்தான். அந்தச் சூடு ஓடிப்போற வழி, மொட்டைமாடி சோலார்லேர்ந்து பாத்ரூமுக்கு வர்ற பைப்.

எங்க வீட்டுல அது 15 மீட்டர் நீளம், உள்விட்டம் 19 மி.மீ. கணக்குப் போட்டா நாலு லிட்டருக்கு மேல தண்ணி உள்ளே நிக்குது. அது 55 டிகிரியிலேர்ந்து 20க்கு ஆறினா, போற சூடு கரண்ட் கணக்குல ஒரு யூனிட்ல ஆறுல ஒரு பங்கு. பெரிசில்லைதான். ஆனா ஆறின தண்ணியை என்ன பண்றது? 2013ல வந்த ஒகேனக்கல் திட்டத்துல, காவிரியை அவ்வளவு கீழேருந்து பம்ப் பண்ணி இந்த மேட்டுக்கு ஏத்துறாங்க. அதைச் சாக்கடையில விட அப்பாவுக்கு மனசு வராது. ஆறு மணி ஷிப்டு. வர்ற பச்சைத்தண்ணியிலேயே குளிச்சு முடிச்சிடுவார். "எனக்கு இது போதும்டா, சுடுதண்ணி உங்கம்மாவுக்கு ஆகட்டும்." வயசு 57. ராத்திரியானா முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார்.

பைப்புக்குக் கறுப்பு ஃபோம் உறை போட்டா சரியாயிடும்னு கடைக்காரர் சொன்னார். பாதிதான் உண்மை. உறை சூட்டை உண்டாக்காது, ஆறுறதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். வெறும் பைப் அரை மணியில ஆறினா, உறை போட்டது ஒன்றரை மணி தாங்கும். வரிசையா குளிக்கிறவங்களுக்கு லாபம். ஆனா ராத்திரி முழுக்க நின்ன தண்ணியை எந்த உறையும் காப்பாத்தாது. முதல் ஆளுக்குப் பச்சைத்தண்ணிதான். எங்க வீட்டுல முதல் ஆள் எப்பவும் அப்பா.

பைப்போட நீளத்தைக் குறைக்கிறதுதான் வழி. சோலாரை பாத்ரூமுக்கு நேர் மேலே நகர்த்தினா நாலு மீட்டர் போதும். உள்ளே நிக்கிறது ஒரு லிட்டர் சொச்சம், ஒரு சொம்புத் தண்ணி! உறையும் போடணும். பிளம்பர்கிட்ட சொல்லியாச்சு, பொங்கலுக்குள்ள முடிக்கணும்.

வீடு கட்டப்போற மக்களே, ஹாலுக்கு டைல்ஸ் பார்க்குறதுக்கு முன்னாடி, சோலாருக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல எத்தனை அடின்னு டேப் பிடிச்சுப் பாருங்க.