ஐந்து மணிக்கு வந்தவர்களின் பேர்

இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டக் கோவில்களில் ஊசிக்காதும் ஒட்டகமும் வரும் பிரசங்கத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த மூடனின் கதையும் வரும். அதைக் கேட்க வேண்டிய எவரும் அந்த வாங்குகளில் இருப்பதில்லை. பண ஆசை தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலும் உண்டுதான். அடுத்த காம்பறாக்காரியின் தோட்டை வட்டிக்குப் பிடித்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே மாணிக்கக் கல்லில் விடிந்துவிடும் என்று குழி குழியாக அலையும் பையன்களும் இருக்கிறார்கள். ஆனால் பிரசங்கம் அவர்களோடேயே நின்றுவிடுகிறது.

அதற்கு ஒரு பழைய காரணம் இருக்கலாம். தோட்டத் தொழிலாளரிடையே ஊழியம் செய்யும் தமிழ்க் கூலி மிஷனை 1854இல் தொடங்கியவர்களே தோட்டத் துரைமார்தான். கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி ஆளைக் கட்டிவைத்த முறை 1921 வரை இருந்தது. துரைமார் கொடுத்த காசில் ஊழியம் செய்த உபதேசியார், அறுவடைக்காரரின் கூலியைப் பிடித்துவைத்தவர்களை யாக்கோபு சாடும் ஐந்தாம் அதிகாரத்தை எத்தனை தரம் எடுத்திருப்பார்?

மத்தேயு 20இல் வரும் திராட்சத் தோட்டக்காரன் கதைக்குத் தோட்டத்து ஆட்களிடம் விளக்கவுரை தேவையில்லை. விடியற்காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் அவன் ஒரே கூலி கொடுக்கிறான். இங்கே சொன்ன கிலோ கொழுந்து நிறுவையில் விழாவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்ததும் தோட்டக் கம்பெனிகள் நீதிமன்றம் போயின. பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டிவிட்டார்கள் என்று பல தோட்டங்களில் முறைப்பாடு எழுந்தது. அந்தக் கதைக்காரனோ அரைப்பேரே போடாதவன். பிள்ளை குட்டிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டுமோ அதையே கணக்காக வைத்தவன்.

ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லோரும் அவன் பக்கம் சாய்ந்துவிடுவதில்லை. பகல் முழுக்க வெயிலில் நின்றவள், 'அப்ப எனக்கு?' என்று கேட்காமல் இருப்பாளா? அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. போதகர்கள் அதை வெறும் பொறாமை என்று தள்ளுவது எனக்குப் பிடிப்பதில்லை.

முறுமுறுத்தவர்களிடம் தோட்டக்காரன், தன் பணத்தைத் தன் இஷ்டப்படி செய்யத் தனக்கு உரிமை இல்லையா என்கிறான். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் கம்பெனிக்காரர்களும் இதே உரிமையைத்தான் பேசுகிறார்கள். அவர்கள் அதைச் சொல்வது கொடுக்காமல் இருப்பதற்கு. அவன் சொன்னது, பிந்தி வந்தவர்களுக்கு உழைத்ததற்கு மேலே கொடுத்துவிட்டு.