புளிப்பும் பொறுமையும்

விண்ணரசின் வளர்ச்சியை விளக்க வந்த இயேசு பெருமான் அரண்மனையையோ படையையோ காட்டவில்லை. மூன்று மரக்கால் மாவில் புளிப்பு மாவைப் பொதிந்து வைத்த ஒரு பெண்ணையே காட்டினார் (மத்தேயு 13:33). அடுக்களை நிகழ்ச்சியொன்று மறையுண்மையின் உவமை ஆயிற்று.

நம் இல்லங்களிலும் அந்நிகழ்ச்சி நடைபெறுகிறது. நான்கு பங்கு புழுங்கல் அரிசி, ஒரு பங்கு உளுந்து, சிறிது வெந்தயம். அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே ஊறவைத்து அரைத்து, உப்பிட்டுக் கையால் கலந்து வைத்தால், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் மாவு பொங்கி எழுகிறது. தானியத்தோடு இயல்பாகவே வந்த நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. உடன் எழும் கரியமிலவாயு உளுந்தின் பசையில் சிக்கி மாவை உப்பச் செய்கிறது. பால் புளிப்பதும் நுண்ணுயிர்களின் செயலே என்று 1857-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் எடுத்துரைத்தார். நம் பாட்டிமார் அந்தப் பெயர்களை அறியார், காத்திருக்க அறிந்திருந்தனர்.

புளித்த உணவு எளிதில் செரிக்கிறது. தானியத்திலுள்ள இரும்பையும் துத்தநாகத்தையும் உடல் ஏற்கவொட்டாமல் தடுக்கும் பைட்டிக் அமிலம் புளிப்பினால் குறைகிறது.

பழைய சோறும் இவ்வினத்ததே. இரவில் மீந்த சோறு ஆறியதும், காலந்தாழ்த்தாமல் தூய நீரூற்றி மூடிவைத்து, மறுநாட்காலை சிறிது உப்பும் மோரும் சேர்த்துச் சின்ன வெங்காயத்தோடு உண்பர். கெட்ட வாடை வீசினாலோ, சோறு நூலிழையாய் இழுத்தாலோ கொட்டிவிட வேண்டும். நல்லுயிர்கள் மேலோங்கினால் உணவு. தீயவை மேலோங்கினால் நஞ்சு. பரிசேயரின் புளிப்பு மாவைக் குறித்து ஆண்டவர் எச்சரித்ததும் (மத்தேயு 16:6) நினைவுக்கு வருகிறது.

அந்தப் புளிப்பு நம்மிடையே இல்லையா? எங்கள் இல்லத்தில் பணிசெய்யும் அம்மையார், தம் தூக்குச்சட்டியிலுள்ள பழைய சோற்றை எவரும் காணாதவாறு பின்கட்டில் சுவரைப் பார்த்து அமர்ந்து உண்பார். அதே சோற்றை இன்று நகரத்து உணவகங்கள் மண்சட்டியில் வைத்து விலை கூறுகின்றன; நாமும் உடல்நலம் கருதி விரும்பி உண்கிறோம். உணவு ஒன்றே. ஏழையின் கையில் அது நாணத்துக்குரியதாகவும், நம் கையில் நாகரிகமாகவும் ஆனது எதனால்? சோற்றில் இல்லாத இழிவை நம் பார்வையே அதில் கலந்தது.

அப்பார்வை ஒரே நாளில் மாறிவிடாது. புளிப்பு மாவும் நொடியில் வேலை செய்வதில்லை. பெரிய வெள்ளியன்று வரிசையில் நிற்போருக்குக் கஞ்சி வார்க்கும் நாம், மற்ற நாள்களில் அந்த அம்மையாருக்கு அருகே ஓர் இலையிட்டு அமர்வோமா? மாவில் பொதிந்த புளிப்பு அங்கிருந்தே தொடங்கட்டும்.