நெடுந்தீவில் ஓர் இரவு

ஏழு பெண்கள், ஆண் துணை இல்லாமல், வெட்டவெளியில் ஓர் இரவு தங்கி வரப்போகிறோம் என்று சொன்னால் எமது ஊர்களில் என்ன பேசுவார்கள் என்பது வாசகியருக்குத் தெரியாததல்ல. "ஏன், வீட்டில படுக்க இடமில்லையோ?" என்று ஒரு மாமியார் கேட்டார். இன்னொருவரின் மகன் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "அம்மா, உங்களுக்கு என்ன விசரோ?" என்றானாம். அந்த அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தா. ஆனாலும் வந்தா.

வேலணைப் பக்கத்தில் ஒரு மாதர் சங்கத்துடன் சில வருடங்களாக வேலை செய்து வருகிறேன். சேமிப்பு, கடன், கோழி வளர்ப்பு, கூட்டக் குறிப்பு என்பதற்கு அப்பால் இந்தப் பெண்கள் ஒருவரோடொருவர் ஆறுதலாகப் பேசியதில்லை என்பது என் கவலை. கூட்டம் முடிந்தால் அடுப்பு, பிள்ளை, ஆடு என்று ஓடுவார்கள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் நாங்கள் மலையேறிக் குளக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கிய ஒரு பயணம் எனக்கு மறக்காதது. அப்படி ஒன்றை இவர்களுக்கும் ஒழுங்கு செய்தால் என்ன என்று நினைத்தேன். எமது தீவுகளில் மலை ஏது? பனையும் கடலும்தான். நடப்பதற்கு நீளமான, ஆளரவம் குறைந்த இடம் என்றால் நெடுந்தீவு.

இடத்தைத் தந்தவர் சங்கத்தின் மூத்த அக்கா. நெடுந்தீவு மேற்கில் அவவின் தகப்பன் சீதனமாக எழுதிக் கொடுத்த வளவு ஒன்று இருக்கிறது. வீடு இல்லை, கிணறும் வேலியும் மட்டும். கனடாவிலுள்ள சகோதரர்கள், "வித்துப்போட்டு மகளுக்கு ஏதும் செய், ஆரும் போகாத காணி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். "கையெழுத்து வைக்க முதல் ஒருக்கால் பார்க்கவேணும் பிள்ளை" என்றா. 1985இல் ஊரை விட்டு வந்தபின் அவ அங்கே போகவேயில்லை.

2024 பங்குனிப் பௌர்ணமிக்கு முதல்நாள், சனிக்கிழமை புறப்பட்டோம். கிராம அலுவலருக்கு முன்கூட்டியே அறிவித்திருந்தேன். வாணர் தாம்போதியைக் கடந்து, புங்குடுதீவு ஊடாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்ததும் மூத்த அக்கா என் கையைப் பிடித்தா.

"எந்தப் படகு பிள்ளை?"

கேள்வி ஏன் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதில் பயணித்தவர்கள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். அந்தச் செய்தி வந்த கிழமைதான் அவவின் தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தீவை விட்டு வெளியேறினாராம். அன்று துறையில் நின்றது வேறொரு படகு. அதைச் சொன்னதும் ஏறினா. ஒரு மணித்தியாலப் பயணம் முழுவதும் கடலைப் பார்க்காமல் தன் பையைப் பார்த்தபடியே இருந்தா. பங்குனிக் கடல் குளம்போலக் கிடந்தது.

மாவிலித்துறையில் இறங்கி, வெயில் தணியும்வரை தெரிந்த வீடொன்றில் இருந்து, மூன்று மணிக்கு மேற்குப் பக்கமாக நடக்கத் தொடங்கினோம். ஒல்லாந்தர் கோட்டை, பொந்துக்குள் ஆள் நுழையக்கூடிய பெருக்க மரம் என்று சுற்றுலாக்காரர் பார்ப்பவற்றை நாங்களும் பார்த்தோம். அவற்றைவிட எனக்குப் பிடித்தது வேலிதான். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலி. காற்று ஊடுருவிப் போவதற்கு இடைவெளி உண்டு, ஆடு நுழைய வழியில்லை. வரவரப் பனையும் குறைந்து, புல்வெளி விரிந்து, தூரத்தில் மட்டக்குதிரைகள் தலைகுனிந்து மேய்வது தெரிந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இவை என்பார்கள். கோடையில் தண்ணீரின்றிச் சாவதும் உண்டு.

வளவை மூத்த அக்காவால் உடனே அடையாளம் காண முடியவில்லை. மூன்று வேலிகளுக்கு முன்னால் நின்று நின்று பார்த்தா. நாலாவதில், கல்லுக்குள் பதித்திருந்த ஒரு பழைய படலைக் கட்டையைத் தொட்டவுடன் உள்ளே போய்விட்டா. நாங்கள் பின்னால் போகவில்லை, கொஞ்சநேரம் வெளியிலேயே நின்றோம்.

இனி என் பிழையைச் சொல்லவேண்டும். தெரிந்த நிறுவனமொன்றின் களஞ்சியத்திலிருந்து இரண்டு கூடாரங்கள் இரவல் வாங்கி, அவற்றை மாறிமாறிச் சுமந்து வந்திருந்தோம். என் பெருமையே அதுதான். நான் பையைத் திறந்து வெள்ளைத் துணியை இழுத்ததும், சங்கத்தின் பொருளாளரான பெண் எழும்பி அப்பால் போனா. முப்பத்தெட்டு வயது இருக்கும், வன்னியில் வாழ்க்கைப்பட்டு, பிறகு தாய்வீட்டுக்குத் திரும்பியவர்.

"நான் இதுக்குள்ள படுக்கமாட்டன் தங்கச்சி. குறை நினைக்காதேங்கோ."

2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் அவ இருந்தது எனக்குத் தெரியும். என் கோப்பில் எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனால் கூடாரம் என்ற சொல்லையும் அந்தப் பதிவையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை. அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. வெயிலில் துணி விடும் மணம், இரவில் பக்கத்துக் கூடாரத்து இருமல், மலசலகூடத்துக்கு வரிசை என்று சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டா. மற்றவர்கள் ஒன்றும் பேசவில்லை. பொழுதுபோக்காகக் கூடாரம் அடிப்பதற்கு அதற்கு முன்னர் ஒரு வீடு இருந்து பழகியிருக்க வேண்டும் போலும். நான் துணியைத் திரும்ப மடித்தேன். மடிப்புச் சரிவராமல் தடுமாறியபோது அவவே வந்து, "இப்பிடி இல்லை, நடுவில பிடியுங்கோ" என்று மடித்துத் தந்தா. அவவுக்கு அது கைவந்த வேலை.

அதன்பின் வேலை தானாகவே நடந்தது. பன்னாடையும் கொக்காரையும் பொறுக்கி, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். ஒடியற்கூழ். மீனும் நண்டும் துறையிலேயே வாங்கியிருந்தோம். பயித்தங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி எல்லாம் வீட்டிலிருந்து வந்தவை. பனையோலையில் பிளா கோலும் வித்தையை மாமியாரோடு சண்டை பிடித்து வந்தவர் செய்து காட்டினா. எனக்குக் கடைசிவரை ஒழுகியது.

தண்ணீர்தான் கவலையாக இருந்தது. கிணற்றுக்குள் ரோச் அடித்துப் பார்த்தால் அடியில் மினுங்கியது. நான் வாளியைப் போட்டு அலசப்போனேன். "மெல்ல, மெல்ல!" என்று மூத்த அக்கா கயிற்றைப் பறித்தா. நெடுந்தீவு சுண்ணக்கல் தரை. பெய்யும் மழை நிலத்துக்குள் இறங்கி, பாரமான உப்புத் தண்ணீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. ஆழமாகக் கலக்கினாலும், அளவுக்கு மிஞ்சி இறைத்தாலும் உவர் மேலே வந்துவிடும். பாடப்புத்தகத்தில் நான் படித்ததை அவ தாயிடம் கைப்பழக்கமாகக் கற்றிருக்கிறா. வாளியைச் சரித்து, மேல்தண்ணீரை மட்டும் ஒவ்வொரு கையளவாக அள்ளினா. ஒரு குடம் நிரம்ப இருபது நிமிடம். சாராப்பிட்டிக் கிணற்றுத் தண்ணீர்போல நல்ல தண்ணீரல்ல, இலேசான உவர்ப்பு. "அப்பவும் இப்பிடித்தான் இருந்தது" என்றா, சந்தோசமாக.

சூரியன் மறையுமுன்பே நிலா ஏறிவிட்டிருந்தது. பாயை வேலியோரம் விரித்து, வரிசையாகப் படுத்தோம். நான் கலந்துரையாடலுக்கென்று எழுதிக் கொண்டுபோன கேள்விகள் பைக்குள்ளேயே கிடந்தன. சீட்டுக்காசு, மகளின் காதல், கர்ப்பப்பை எடுத்த கதை, குடித்துவிட்டு வரும் புருஷன் என்று பேச்சு எங்கெல்லாமோ போனது. குமுதினியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பொருளாளர் மட்டும் ஒருமுறை, "அக்கா, இரவில கதவு பூட்டாமல் படுத்து எத்தினை வருசம்!" என்றா. பிறகு நித்திரையாகிவிட்டா. எனக்குத்தான் ஒவ்வொரு சத்தத்துக்கும் விழிப்பு வந்தது. ஒருதரம் வேலிக்கு வெளியே மூச்சு விடும் சத்தம் கேட்டு நெஞ்சு அடைத்துப்போனேன். எட்டிப் பார்த்தால் குதிரைகள், ஒரு குட்டியும் சேர்த்து மூன்று, கிணற்றுப் பக்கத்தை மணந்து கொண்டு நின்றன.

விடிந்ததும் மூத்த அக்கா இன்னொரு வாளி அள்ளி, கிணற்றடியிலிருந்த உடைந்த கற்தொட்டியில் ஊற்றினா. தொட்டி பாதிக்குமேல் நில்லாது, ஒழுகும் என்று சொன்னேன். "ஒழுகட்டும்" என்று இரண்டாம் வாளியையும் ஊற்றினா. பிறகு ஒரு சோடாப் போத்தலில் தண்ணீர் நிரப்பி, மகளுக்கென்று சேலைத்துணியில் சுற்றி வைத்தா. காணியைப் பற்றி நான் கேட்கவில்லை. பின்னேரப் படகில் அவவாகவே, "வேலி ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு. மழைக்கு முதல் அடுக்கவேணும்" என்றா. இந்தமுறை கடலைப் பார்த்தபடி இருந்தா.

திங்கட்கிழமை கூடாரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். களஞ்சியப் பொறுப்பாளர் ஒரு படிவத்தை நீட்டினார். பாவித்த நாட்கள் என்று ஒரு கூடு இருந்தது. பூச்சியம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "அப்ப எங்க படுத்தனீங்கள் மிஸ்?" என்று கேட்டார்.