சிமெண்டுப் பாறை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - தாவரவியல்)

முதலாண்டுத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் என் தந்தையாருடன் சித்தாளாக வேலைக்குச் சென்றேன். அவர் கொத்தனார். சங்கரன்கோவிலில் அவர் கைபடாத தெரு குறைவு. ஆனால் அவ்வாண்டு வேலை கிடைத்ததோ குற்றால மலையடிவாரத்தில், புதிதாய் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தங்கும் விடுதியில்.

அங்கே யானை படுத்தாற்போல் ஒரு பாறை கிடந்தது. அதன் வெடிப்பில் வேர்விட்டு ஒரு கல்லால மரம். பக்கத்தில், கோடையில் வறண்டு கிடக்கும் ஓர் ஓடை. "இடம் சமமாக வேண்டும்" என்றார்கள். கம்ப்ரசர் கொண்டு துளையிட்டு எட்டே நாளில் பாறையை உடைத்து, அந்தக் கல்லாலேயே ஓடையைத் தூர்த்தார்கள். கல் சுமந்தவர்களில் நானும் ஒருவன். என்ன படிக்கிறாய் என்று மேஸ்திரி கேட்டபோது, "தாவரவியல்" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வருகிறவர்களுக்கு இயற்கைக் காட்சி வேண்டுமாம்! பாறை இருந்த இடத்திற்குப் பத்தடி தள்ளி, கம்பி வளைத்து, கோழிவலை கட்டி, சிமெண்டுக் கலவை அப்பி, என் தந்தையார் ஒரு பாறை செய்தார். வெடிப்பையும் சொரசொரப்பையும் கரண்டி முனையால் கீறினார். சாம்பல் வண்ணம் பூசி, மோட்டார் வைத்து உச்சியிலிருந்து நீர் விழச் செய்தார்கள். (நிஜ நீரோட்டத்தையே திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகளும் உண்டு; 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது.) என் இரண்டாமாண்டுக் கட்டணமும் புத்தகங்களும் அந்தச் சிமெண்டுப் பாறையிலிருந்து வந்தவை. ஆகவே அதை எள்ளி நகையாட எனக்கு முழு உரிமை இல்லை.

ஆனியில் சாரல் பிடித்தது. ஓடை தன் பழைய வழியைத் தேடி வந்து கீழ்த்தளத்து அறைகளில் புகுந்தது. தடுப்புச் சுவர் எழுப்பத் தந்தையாரைத்தான் மறுபடி அழைத்தார்கள்.

இந்த மனநிலையில்தான், இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவைப் (1919-2003) பற்றிப் படிக்க நேர்ந்தது. சென்னைக் கன்னிமரா ஓட்டலை 1970-களில் புதுப்பித்தவரும் இவரே. தம்புள்ளைக்கு அருகே, கண்டலம என்ற குளத்தின் கரையில் அவர் வடிவமைத்த விடுதி 1994-இல் திறக்கப்பட்டது. முதலில் அவருக்குக் காட்டப்பட்ட இடம் சிகிரியாக் குன்றின் அடிவாரம். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் கோட்டை கட்டிய குன்று. அதன் காலடியில் கட்டடம் எழுப்ப அவர் மனம் ஒப்பவில்லை. தொலைவில், குளத்தின் மேலுள்ள ஒரு பாறைச் சரிவைத் தேர்ந்தார். சிகிரியாவை அங்கிருந்து பார்க்கலாம். அவ்வளவு போதும் என்று எண்ணினார் போலும்.

ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அக்கட்டடம் பாறை வளைந்த இடத்தில் தானும் வளைகிறது. நடைகூடத்திற்குள்ளேயே பாறை தலை நீட்டி நிற்கிறது. தூண்களின்மேல் நிற்பதால் மழைநீர் அடியில் வழிந்தோடுகிறது. முகப்பெங்கும் கொடிகள், மாடிக் கூரையிலும் செடிகள். இத்தனைக்கும், கட்டும்போது குளத்து நீர் கெடும், காடு அழியும் என்று புத்த பிக்குகளும் சூழல் ஆர்வலர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஓர் ஓடை தூர்ந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

ஒருநாள் இரவு, படங்களைக் கைப்பேசியில் தந்தையாரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கொடிகளை அவர் பார்க்கவே இல்லை.

"ஏல, இந்தத் தூணு ஒவ்வொண்ணும் ஒரு ஒசரம்லா? மட்டம் பாத்து நிறுத்தியிருக்கான். லேசுப்பட்ட வேல இல்ல."

"பாறைய ஒடைக்காம கட்டினா கூலி கூட ஆகும்லாப்பா?"

"கல்லு ஒடைக்கவனுக்குக் கொறையும். கொத்தனுக்குக் கூடும்," என்று சிரித்தார். பிறகு, "எங்கிட்ட எவன் கேட்டான்?" என்றார். படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, தூணின் அடி பாறையில் எப்படிப் பதிந்திருக்கிறது என்று தேடினார். படம் மங்கிப் போயிற்று.

அடுத்த வாரம் அந்த விடுதியில் அவருக்கு இரண்டு நாள் வேலை இருக்கிறது. சிமெண்டுப் பாறை வெயிலில் வெளுத்துவிட்டதாம்; வண்ணம் பூச வேண்டுமாம்.