நடை என்று பெயரிட்ட ஓட்டம்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலம் தாண்டி வடக்கே போனால் மியூர் வுட்ஸ். ரெட்வுட் மரங்களின் காடு. (நம்மூர்ச் செம்மரம் இல்லை, அது வேறு.) இங்கே உயரமானவை 75 மீட்டரையும் தாண்டும். கோடையில் மழை அரிதான அந்த நிலத்தில், கடலிலிருந்து வரும் மூடுபனியை இலைகளில் பிடித்து வேருக்குச் சொட்டவிட்டுக் குடிக்கும் மரங்கள். உள்ளே கைபேசிக்கு சிக்னல் கிடையாது. வருகிறவர்கள் பலர் அதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் அந்தக் காட்டின் முதல் வசதி.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை தனியாகப் போகிறேன். கார் நிறுத்த முன்பதிவு செய்ய வேண்டும். அது எளிது. வீட்டில் சொல்வதுதான் கடினம். "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க" என்றால் யாரும் மறுப்பதில்லை. சும்மா போகிறேன் என்றால் உடனே கேள்வி வரும். கும்பகோணத்திலிருந்து அம்மா போனில் கேட்பாள்: "தனியா காட்டுக்குள்ள போயி என்னடி பண்ணுவ?" அம்மா வாழ்நாளெல்லாம் நடந்தவள். ரேஷன் கடைக்கு, எங்கள் பள்ளிக்கூட வாசலுக்கு, வேண்டுதலென்று கோயில் பிராகாரத்தில் 108 சுற்று. காரணம் இல்லாமல் அவள் ஒரு தெருவைக்கூட நடந்து நான் பார்த்ததில்லை.

இந்தக் காட்டின் வழியே டிப்சி என்றொரு பாதை போகிறது. மில் வேலி என்ற ஊரில் 600க்கும் மேற்பட்ட படிகளில் ஏறி, இறங்கி, மியூர் வுட்ஸ் ஓடையைக் கடந்து, மறுபடி மலையேறி, ஸ்டின்சன் கடற்கரையில் முடியும். ஏறத்தாழ 12 கிலோமீட்டர். 1905இல் அங்கே ஓட்டப்பந்தயம் தொடங்கியது, ஆண்களுக்கு. 1918இல் பெண்கள் அதே பாதையில் போட்டியிட்டார்கள். பெண்கள் ஓடுவதை அன்றைய தடகள அமைப்பு ஏற்காது என்பதால் அதற்குப் 'பெண்களின் டிப்சி நடை' என்று பெயர் வைத்தார்கள். பெயரில் மட்டும்தான் நடை. வந்தவர்கள் ஓடினார்கள். முதலாவதாக வந்தவர் ஈடித் ஹிக்மன்.

ஐந்து ஆண்டுகள் நடந்து, 1922க்குப் பிறகு அது நின்றுபோனது. பெண் உடம்புக்கு ஆகாது என்று சொன்னவர்கள் அங்கேயும் இருந்தார்கள். கயிறு தாண்டினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்பாள் என் பாட்டி. அவள் டிப்சியைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

அதிகாரபூர்வமாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1971இல். அடுத்த இரண்டே ஆண்டில், 1973இல், மேரி எட்டா போய்ட்டானோ என்ற 10 வயதுச் சிறுமி முதலாவதாக வந்துவிட்டாள். வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ப சிலரை முன்னதாகப் புறப்பட விடுகிற பந்தயம் அது. முன்னதாகக் கிளம்பியவள்தான் அவளும். 66 ஆண்டுத் தாமதத்துக்கு முன்னால் அந்தச் சில நிமிடங்கள் எம்மாத்திரம்!

போன மாதம் டாக்டரை இழுக்காமல், "சும்மாதான் போறேன்" என்று சொல்லிவிட்டு ஷூவை மாட்டினேன்.

"சும்மான்னா?" என்றார் கணவர்.

"சும்மான்னா சும்மாதான்."

எப்போது வருவாய் என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். நான்கு மணிநேரம் யாராலும் என்னைக் கூப்பிட முடியவில்லை. ஓடைக்கு மேலே, ஈரச் சருகுகளுக்கிடையே, பழுத்த வாழைப்பழ நிறத்தில் ஓடில்லாத நத்தை ஒன்று பாதையைக் கடந்துகொண்டிருந்தது. அது அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை நின்று பார்த்தேன்.